லினக்ஸ் கர்னலுக்குள் ஒரு பேட்ச் எப்படி நுழைகிறது?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கர்னலின் புதிய பதிப்பு ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை வெளிவருகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 2,000 பேர் எழுதிய 13,000 முதல் 15,000 வரையிலான கமிட்டுகள், அதாவது பதிவு செய்யப்பட்ட தனித்தனி மாற்றங்கள், இருக்கும். இவற்றில் பெரும்பகுதி, ‘மெர்ஜ் விண்டோ’ (சேர்ப்புக் காலம்) எனப்படும் முதல் இரண்டு வாரங்களிலேயே, கர்னலைத் தொடங்கி இன்றும் வழிநடத்தும் லைனஸ் டோர்வால்ட்ஸின் களஞ்சியத்துக்கு வந்துவிடும். 11,000 என்று குறைத்துக் கணக்கிட்டாலும் நாளொன்றுக்கு 780-க்கு மேல். இத்தனையையும் ஒரே ஆள் வரிவரியாகப் படிக்க வழியே இல்லை. டோர்வால்ட்ஸும் படிப்பதில்லை. தன் கீழ் வேலை செய்யும் பிரிவுப் பராமரிப்பாளர்கள் படித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் இழுத்துச் சேர்க்கிறார்.

ரிவ்யூ என்றதும் பிழை பிடிக்கும் வேலை என்று நினைப்பது இயல்பு. பிழையும் பிடிபடத்தான் செய்கிறது. ஆனால் ஒரு பராமரிப்பாளர் பேட்சை, அதாவது சேர்க்கச் சொல்லி ஒருவர் அனுப்பும் மாற்றத்தை, திறந்ததும் மனத்தில் முதலில் எழும் கேள்வி வேறு: இதை அனுப்பியவர் அடுத்த மாதம் காணாமல் போனால், இந்த வரிகளை யார் பார்த்துக்கொள்வது? அதற்கு ‘நான்தான்’ என்று சொல்லத் துணிந்தால் மட்டுமே அவர் சேர்ப்பார். கர்னலின் நடைமுறையில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீண் சடங்கு போலத் தெரியும் பலவும் இந்தப் பொறுப்புக் கைமாற்றத்தைப் பதிவு செய்யவே உருவானவை.

கையொப்ப வரியிலிருந்தே தொடங்கலாம். 2003 மார்ச்சில் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்தது. தனக்குச் சொந்தமான யூனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் புகுத்தப்பட்டது என்பது அதன் வாதம். எந்த வரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போய் உள்ளே வந்தது என்று காட்டும் ஒழுங்கான பதிவு அப்போது கர்னலிடம் இல்லை. அதன் விளைவாக 2004 மே மாதத்தில் ‘டெவலப்பர் சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்’ என்ற சிறிய உறுதிமொழி வந்தது. கமிட் செய்தியின் இறுதியில் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்று பெயரும் மின்னஞ்சலும் எழுதினால், ‘இதை நானே எழுதினேன், அல்லது தகுந்த உரிமத்துடன் பெற்றேன், அல்லது இதே உறுதியைத் தந்த ஒருவரிடமிருந்து பெற்றேன், இது பொதுவெளியில் நிலைத்திருக்கும் என்பதும் தெரியும்’ என்று ஒப்புக்கொள்வதாகப் பொருள். எழுதியவரின் வரி முதலில் வரும். பேட்ச் கைமாறும் ஒவ்வொரு பராமரிப்பாளரும் தன் வரியை அதற்குக் கீழே சேர்ப்பார். மேலிருந்து கீழாகப் படித்தால் பேட்ச் நடந்துவந்த பாதை தெரியும். கடைசி வரி, அதைக் களஞ்சியத்தில் கமிட் செய்தவருடையதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற ஒருங்கிணைப்பு ட்ரீயில் (ட்ரீ என்பது கர்னல் மூலநிரலின் தனிக் களஞ்சியம்) ஓடும் சோதனை அதைக் கண்டுபிடித்துப் பராமரிப்பாளருக்கு எழுதிவிடும்.

மற்ற குறிச்சொற்களுக்கும் தனித்தனிப் பொருள் உண்டு. புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ‘ஆக்டு-பை’ என்பது பொதுவாக அந்த நிரல்பகுதியின் பராமரிப்பாளர் தருவது: இது வேறொரு ட்ரீ வழியாகப் போவதில் எனக்கு மறுப்பில்லை என்று அர்த்தம். வரிவரியாகப் படித்தேன் என்ற உறுதி அதில் இல்லை. ‘ரிவ்யூடு-பை’ தருபவர், தொழில்நுட்ப ரீதியாக முழுக்கப் பார்த்தேன், என் கேள்விகளுக்குத் திருப்தியான பதில் கிடைத்தது, சேர்க்கத் தகுந்தது என்று நம்புகிறேன் என்கிறார். ‘டெஸ்டட்-பை’ என்றால் ஏதோவொரு கருவியில் உண்மையிலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒருவர் ‘நன்றாக இருக்கிறது’ என்று பதில் எழுதியதை வைத்து அவர் பெயரில் ‘ரிவ்யூடு-பை’ சேர்ப்பது பெரும் தவறு. அவரே அந்த வரியை எழுதித் தந்திருக்க வேண்டும். அடுத்த பதிப்பில் பேட்ச் கணிசமாக மாறினால் பழைய குறிச்சொற்களை நீக்கிவிட்டு, நீக்கியதற்கான காரணத்தையும் சொல்லிவிட வேண்டும்.

இனி அனுப்பும் வேலை. கர்னலின் பெரும்பாலான பிரிவுகள் இன்றும் மின்னஞ்சல் குழுக்களில்தான் பேட்சுகளைப் பெறுகின்றன. முதல் படி, சரியான ட்ரீயைத் தேர்ந்தெடுப்பது. மூலநிரலின் மேல்மட்டத்தில் ‘மெயின்டெய்னர்ஸ்’ என்ற கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் பராமரிப்பாளர், மின்னஞ்சல் குழு, கிட் (மாற்றங்களின் வரலாற்றைப் பதியும் மென்பொருள்) ட்ரீ, பொருந்தும் கோப்புப் பாதைகள் எல்லாம் அதில் உண்டு. அந்த ட்ரீயின் மேல் வேலை செய்யாமல், சில மாதம் பழைய டிஸ்ட்ரோ (உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு) கர்னலின் மேல் எழுதி அனுப்பினால் பேட்ச் பொருந்தவே பொருந்தாது. யாரும் படிக்கவும் மாட்டார்கள்.

‘கெட்-மெயின்டெய்னர்’ ஸ்கிரிப்ட், பேட்சைப் பார்த்து யாருக்கு அனுப்பவேண்டும் என்று பட்டியல் தரும். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கோப்புக்கு உரிய பராமரிப்பாளர் பதிவு இல்லாதபோது அது கிட் வரலாற்றைத் துழாவி, எப்போதோ அந்தக் கோப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியவரையும் சேர்த்துவிடும். வரலாற்றைத் தவிர்க்கும் சுவிட்ச் அதிலேயே உண்டு. ‘செக்பேட்ச்’ ஸ்கிரிப்ட் நடை விதிகளைப் பார்க்கிறது: எட்டு இடம் அகலமுள்ள டேப், வரி நீளம், விடுபட்ட கையொப்பம் போன்றவை. விரும்பத்தக்க வரி நீளம் இன்னும் 80 எழுத்துதான். 2020-இல் ஸ்கிரிப்டின் எச்சரிக்கை எல்லை மட்டும் 100 ஆனது. ஏற்கெனவே உள்ள பழைய நிரலில் செக்பேட்சை ஓட்டி, அது சொல்லும் குறைகளை எல்லாம் திருத்தி ஐம்பது பேட்சாக அனுப்புவது பல பிரிவுகளில் வரவேற்கப்படுவதில்லை. நடை மாற்றங்கள் வரலாற்றைக் கலைக்கும். மற்றவர்கள் கையிலிருக்கும் பேட்சுகளோடு மோதும். அப்படிப் பழக விரும்புவோருக்கு ‘ஸ்டேஜிங்’ என்று தனி டைரக்டரியே இருக்கிறது.

தலைப்பு வரி ‘பிரிவு: சுருக்கம்’ என்ற வடிவில் 75 எழுத்துக்குள் அடங்க வேண்டும். உடல்பகுதியில் என்ன மாற்றினோம் என்பதைவிட எந்தச் சிக்கல், பயனருக்கு அது எப்படித் தெரிந்தது, ஏன் இந்தத் தீர்வு என்பதே முதன்மை. மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பைப் பார்த்தால் ‘என்ன’ தெரிந்துவிடும். ‘ஏன்’ எங்கேயும் இருக்காது. பழைய கமிட் ஒன்றால் வந்த பிழை என்றால் ‘ஃபிக்ஸஸ்’ வரியில் அந்தக் கமிட்டின் தனி அடையாளமான ஹாஷில் முதல் 12 எழுத்துகளும் அதன் தலைப்பும் இடம்பெற வேண்டும். நிலைப்பதிப்புகளைப் பராமரிப்பவர்கள், தங்கள் கிளையில் அந்தப் பழைய கமிட் இருக்கிறதா, இந்தத் திருத்தம் அங்கே தேவையா என்று முடிவு செய்வது இந்த வரியை வைத்துத்தான். ஹாஷ் தவறினால் திருத்தம் போய்ச் சேர வேண்டிய கிளைக்குப் போகாமலே இருந்துவிடும்.

மின்னஞ்சல் வழியில் அடிக்கடி கெடுவது ஒன்று உண்டு. அலுவலக மின்னஞ்சல் மென்பொருள்களும் உலாவியில் ஓடும் மின்னஞ்சல் சேவைகளும் டேப்பை வெற்றிடமாக மாற்றும், நீண்ட வரியை மடக்கும், எச்டிஎம்எல் சேர்க்கும். பெறுபவர், மின்னஞ்சலில் வந்த பேட்சைக் களஞ்சியத்தில் சேர்க்கும் ‘கிட் ஆம்’ கட்டளையைக் கொடுத்ததும் ‘பேட்ச் சிதைந்திருக்கிறது’ என்ற பிழை வரும். எனவே ‘கிட் ஃபார்மேட்-பேட்ச்’ கொண்டு கோப்புகளாக்கி, ‘கிட் சென்ட்-ஈமெயில்’ கொண்டு அனுப்புவதே முறை. முதலில் தனக்கே ஒரு பிரதி அனுப்பி, அதைச் சேமித்து, புதிய கிளையில் ‘கிட் ஆம்’ செய்து பில்ட் ஆகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை இது. பல நாள் காத்திருப்பை மிச்சப்படுத்தும். ஒன்றுக்கு மேற்பட்ட பேட்ச் என்றால் முகப்புக் கடிதம் வேண்டும். எந்தக் கமிட்டின் மேல் எழுதப்பட்டது என்பதை ‘பேஸ்’ சுவிட்ச் குறிப்பிட்டுவிடும். இரண்டாம் முறை அனுப்பும்போது தலைப்பில் ‘வி2’ சேர்த்து, மூன்று சிறு கோடுகளுக்குக் கீழே மாற்றங்களைப் பட்டியலிடுங்கள். கோடுகளுக்குக் கீழே உள்ளதை கிட் கமிட்டில் சேர்க்காது என்பதால் ரிவ்யூ செய்பவருக்கான குறிப்புக்கு அதுவே சரியான இடம்.

பதில் வராவிட்டால்? ஒரு வாரமாவது பொறுத்திருந்து நினைவூட்டுங்கள். நெட்வொர்க்கிங் பிரிவில் 24 மணிநேரத்துக்குள் புதிய பதிப்பு அனுப்பக் கூடாது, ஒரு தொடரில் 15 பேட்சுக்கு மேல் கூடாது என்றெல்லாம் எழுதப்பட்ட விதிகள் உண்டு. மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும் இரண்டு வாரமும் அந்தப் பிரிவின் புது அம்சங்களுக்கான ட்ரீ மூடப்பட்டிருக்கும். பராமரிப்பாளர்கள் ஏற்கெனவே சேர்த்ததை மேலே அனுப்புவதிலும் உடைந்ததைச் சரிசெய்வதிலும் மூழ்கியிருப்பார்கள். அந்த நேரத்தில் வரும் பெரிய தொடர் பேச்சே இல்லாமல் கிடப்பது இதனால்தான். புறக்கணிப்பு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மெர்ஜ் விண்டோ முடிந்தபின் ஆர்சி1, ஆர்சி2 என்று வாரந்தோறும் சோதனைப் பதிப்புகள் வரும். ஆர்சி2 வாக்கில் அனுப்பி, இரண்டு மூன்று சுற்றுத் திருத்தம் முடிந்து, ஆர்சி6-க்குள் பிரிவின் ட்ரீயில் இடம்பிடித்தால் அடுத்த மெர்ஜ் விண்டோவில் மேலே போகும். அங்கிருந்து வெளியீட்டுக்கு இன்னும் ஏழெட்டு வாரம். ஆக, நல்ல பேட்சுக்கும் முதல் மின்னஞ்சலிலிருந்து வெளியீடு வரை மூன்றரை மாதம் ஆவது சாதாரணம்.

மாற்றத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கச் சொல்வதுதான் புதியவர்களை அதிகம் சோர்வடையச் செய்யும். ‘எல்லாம் சேர்ந்தால்தானே வேலை செய்யும், ஏன் எட்டாகப் பிரிக்க வேண்டும்?’ என்று கேட்பார்கள். படிப்பவருக்கு எளிது என்பது ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம் பைசெக்ட். ஒரு பதிப்பில் ஓடிய கருவி அடுத்ததில் ஓடவில்லை என்றால், நடுவே உள்ள 14,000 கமிட்டுகளில் எது குற்றவாளி? ‘கிட் பைசெக்ட்’ ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டிக்கொண்டே போகும். சுமார் 14 முறை பில்ட் செய்து ஓட்டிப் பார்த்தால் ஒரே கமிட்டில் வந்து நிற்கும். நிரலைப் பற்றி ஒன்றும் அறியாத பயனரும் இதைச் செய்துவிடலாம். ஆனால் இது பலிக்க, நடுவே எந்தக் கமிட்டில் நிறுத்தினாலும் கர்னல் பில்ட் ஆகி, பூட் ஆக வேண்டும். தொடரின் மூன்றாம் பேட்சில் உடைத்து ஐந்தாம் பேட்சில் சரிசெய்தால், இறுதி விளைவு சரியாகவே இருந்தாலும், நடுவே இறங்கும் பைசெக்ட் தடம் மாறிவிடும். அப்படிச் சென்று நிற்கும் கமிட் 3,000 வரி கொண்டதாக இருந்தால், கண்டுபிடித்தும் பயனில்லை.

2021 மார்ச்சில் நடந்தது இதை நன்றாகக் காட்டும். 5.12 பதிப்பின் ஆர்சி1-இல், ஸ்வாப் கோப்பு (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) பயன்படுத்துவோரின் ஃபைல் சிஸ்டத்தில் தவறான இடத்தில் எழுதிவிடும் பிழை வெளிப்பட்டது. தரவையே அழிக்கக்கூடியது. டோர்வால்ட்ஸ் அந்தப் பதிப்பைக் குறிக்கும் டேகின் பெயரோடு ‘டோன்ட்யூஸ்’ என்று சேர்த்து மாற்றியதோடு, அதை அடித்தளமாக வைத்துக் கிளை தொடங்க வேண்டாம் என்றும் பராமரிப்பாளர்களிடம் கேட்டுக்கொண்டார். பிழை திருத்தப்பட்டுவிட்டதே, பிறகென்ன? பல கிளைகள் ஆர்சி1-இலிருந்து முளைத்தால், மாதங்கள் கழித்து வேறேதோ பிழைக்காகப் பைசெக்ட் செய்யும் ஒருவரை கிட் அந்தக் கிளைகளுக்குள் இறக்கும். அங்கே திருத்தம் இருக்காது. அவருடைய வட்டு பாழாகும்.

வெளியே காட்டிவிட்ட கிளையை ரீபேஸ் செய்யக் கூடாது என்ற விதியும் இதே குடும்பம். ரீபேஸ் என்பது கிளையின் கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி எழுதுவது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு கமிட்டுக்கும் புதிய ஹாஷ் பிறக்கும். பழைய ஹாஷைச் சுட்டிய ‘ஃபிக்ஸஸ்’ வரிகள் பொருளிழக்கும். அந்தக் கிளையின் மேல் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு ஒரே மாற்றம் இரண்டு கமிட்டாகத் தெரியும். லினக்ஸ்-நெக்ஸ்டில் ஓடிய சோதனைகள் எல்லாம் இப்போது இல்லாத கமிட்டுகளின் மேல் நடந்தவையாகிவிடும். அனுப்புவதற்கு முந்தைய நாள் ‘சுத்தமாக இருக்கட்டும்’ என்று ரீபேஸ் செய்யும் பராமரிப்பாளர், அதுவரை பெற்ற சோதனை முழுவதையும் தூக்கிப் போடுகிறார்.

மெர்ஜ் என்ற நிகழ்வில் உண்மையான ஆபத்து, கிட் ‘கான்ஃப்ளிக்ட்’ என்று அலறும் இடங்களில் அதிகம் இல்லை. இரண்டு கிளைகளும் பிரிந்த பொது மூதாதைக் கமிட்டைக் கண்டு, மூன்றையும் ஒப்பிட்டுத்தான் கிட் மெர்ஜ் செய்கிறது. ஒரே இடத்தை இருவரும் மாற்றியிருந்தால் நிறுத்திவிடும்; மனிதர் பார்த்துத் தீர்ப்பார். கிட் வாயே திறக்காமல் விடும் மோதல்களே கடினமானவை. ஒரு பிரிவில் ஒரு ஃபங்க்ஷனின் பெயரை மாற்றி, அதை அழைக்கும் இடங்களையும் மாற்றிவிட்டார்கள். அதே வாரம் வேறொரு பிரிவில் பழைய பெயரை அழைக்கும் புதிய டிரைவர் சேர்கிறது. இரண்டும் வெவ்வேறு கோப்புகள். தனித்தனியே இரண்டும் பில்ட் ஆகும், எல்லாச் சோதனையிலும் தேறும். மெர்ஜும் சத்தமில்லாமல் முடியும். பிறகு பில்ட் உடையும். பில்ட் உடைந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். பெயர் மாறாமல், லாக்கை (ஒரே தரவை இருவர் ஒருசேர மாற்றாமல் காக்கும் பூட்டு) யார் பிடித்திருக்க வேண்டும் என்ற உடன்பாடு மட்டும் மாறியிருந்தால் பில்டும் ஆகும், எப்போதோ ஒருநாள் ஒரு சர்வர் உறைந்து நிற்கும்.

2008 முதல் இயங்கும் லினக்ஸ்-நெக்ஸ்ட், அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கும் பிரிவு ட்ரீக்களை எல்லாம் வேலைநாள்தோறும் ஒன்றாக மெர்ஜ் செய்து பில்ட் செய்வது இத்தகைய மோதல்களை முன்கூட்டியே பார்க்கத்தான். இன்டெலின் சோதனை ரோபோ, கர்னல்சிஐ, கூகுளின் சிஸ்பாட் ஆகிய தானியங்கிச் சோதனைகள் எல்லாம் அதன் மேல் ஓடுகின்றன. லினக்ஸ்-நெக்ஸ்டில் தலைகாட்டாத நிரல் திடீரென்று மெர்ஜ் விண்டோவில் வந்தால் டோர்வால்ட்ஸ் கோபப்படுவதும் இதனால்தான். பல பிரிவுகளைத் தொடும் மாற்றத்துக்கு இன்னொரு வழியும் உண்டு: பொதுவான கமிட்டுகளை மட்டும் கொண்ட, இனி மாறாது என்று உறுதியளிக்கப்பட்ட ஒரு சிறு கிளையை உருவாக்கி, இரு பிரிவுகளும் அதையே இழுத்துக்கொள்வது. ஹாஷ் ஒன்றே என்பதால் இரட்டிப்பு வராது. அல்லது பழைய முறையையும் புதிய முறையையும் சில பதிப்புகள் அருகருகே வைத்திருந்து, டிரைவர்களை ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டுக் கடைசியில் பழையதை நீக்குவது. மெதுவான வழி இது. ஆனாலும் ஆயிரக்கணக்கான டிரைவர்களைத் தொடும் மாற்றத்துக்கு இதைவிடப் பாதுகாப்பானது எனக்குத் தெரிந்து இல்லை.

கிட்ஹப் போன்ற தளங்களில் இயங்கும் திட்டங்களிலும் இதே சிக்கல் உண்டு. இரண்டு புல் ரிக்வெஸ்ட்டுகளும் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பங்கள்) தனித்தனியே சோதனையில் தேறிப் பச்சை; சேர்ந்தால் சிவப்பு. ரஸ்ட் மொழித் திட்டம் தொடக்க காலத்திலிருந்தே இதற்கு ‘போர்ஸ்’ என்ற ரோபோவை வைத்திருக்கிறது. அது, புல் ரிக்வெஸ்ட்டை அப்போதைய முதன்மைக் கிளையோடு மெர்ஜ் செய்து, அந்த மெர்ஜின் மேல் சோதனை ஓட்டி, தேறினால் மட்டுமே முதன்மைக் கிளையை நகர்த்தும். ஒரு சுற்றுக்கே மணிக்கணக்கு ஆவதால் ஆபத்துக் குறைந்த பல மாற்றங்களை ஒரே கட்டாகச் சேர்த்து ஓட்டுகிறார்கள். சிறிய திட்டங்களுக்கு இன்று இதே வேலையைச் செய்யும், கிட்ஹப்பிலேயே உள்ள மெர்ஜ் கியூ போதும்.

பராமரிப்பாளர் மேலே அனுப்பும்போது கையொப்பமிட்ட டேக் ஒன்றை வைத்து, இதில் என்ன இருக்கிறது, எங்கே மோதல் வரலாம் என்று எழுதி இழுக்கக் கேட்கிறார். 2011 ஆகஸ்டில் கர்னல் தளத்தின் சர்வர்கள் ஊடுருவப்பட்டது தெரியவந்த பிறகு இது பரவலானது. மோதலை முன்கூட்டியே தன் கிளையில் தீர்த்து வைப்பதை டோர்வால்ட்ஸ் விரும்புவதில்லை. எங்கெங்கே பிரிவுகள் உரசுகின்றன என்று அவர் அறிந்துகொள்வதே அப்படித் தீர்க்கும்போதுதான்.

இவ்வளவு கையொப்பமும் தீய எண்ணத்தைத் தடுக்குமா? மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் போலிப் பெயர்களில், வேண்டுமென்றே ஓட்டை வைத்த பேட்சுகளை அனுப்பிப் பார்த்தார்கள். 2021 ஏப்ரலில் விஷயம் வெடித்து, அப்பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 435 கமிட்டுகள் மறுபடி படிக்கப்பட்டன. போலிப் பெயரில் வந்த தவறான பேட்சுகள் பிடிபட்டோ பதிலின்றியோ நின்றுபோயிருந்தன. ஆனால் நல்லெண்ணத்தோடு அனுப்பப்பட்ட மற்றவற்றில் 39 பிழையானவையாக இருந்தன. எனக்கு இதுவே கவலை தரும் எண். பழைய டிரைவர் ஒன்றில் பிழை நேரும் பாதையில் ஒரே ஒரு ‘விடுவி’ வரியைச் சேர்க்கும் பேட்ச், டிஃப்பில் குற்றமற்றதாகத் தெரியும். அழைக்கப்படும் ஃபங்க்ஷன் தோல்வியடைந்தாலும், ஒரு பொருள் எத்தனை இடங்களில் பயன்படுகிறது என்ற எண்ணிக்கையைக் கூட்டுமா கூட்டாதா என்று தெரிந்தால்தான் அந்த வரி நினைவகக் கசிவை அடைக்கிறதா, இருமுறை விடுவித்துப் புதிய ஓட்டை வைக்கிறதா என்று சொல்ல முடியும். அந்தக் கருவி கையில் இருப்பவர் யாருமில்லாதபோது சோதிக்கவும் வழியில்லை. டிஃப் காட்டும் மூன்று வரிச் சூழலைத் தாண்டி, முழுக் கோப்பையும் திறந்து பார்க்காத ரிவ்யூ இங்கே பயன்படாது.

2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் மென்பொருளின் விவகாரம் வேறொரு பக்கத்தைக் காட்டியது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவைத் திறந்துவிட்ட பில்ட் ஸ்கிரிப்ட் கிட் களஞ்சியத்திலேயே இல்லை; மூலநிரலை ஒரே கட்டாக்கித் தரும் வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்தது. உள்ளே ஓட வேண்டியது, சோதனைக்கான சிதைந்த கோப்பு என்ற பெயரில் பைனரியாகக் களஞ்சியத்தில் கிடந்தது. எஸ்எஸ்எச் வழியான தொலை நுழைவு அரை விநாடி தாமதமானதை மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் கவனிக்காமல் போயிருந்தால் பெரும் டிஸ்ட்ரோக்களின் நிலைப்பதிப்புகளுக்குள்ளும் அது போயிருக்கும். பைனரியை டிஃப்பில் படிக்க முடியாது. டார் கோப்பை யாரும் ரிவ்யூ செய்வதில்லை. அதிலும் அந்தத் திட்டத்தில் நெடுங்காலம் பராமரிப்பாளர் ஒருவரே. சுமையைப் பகிர வந்தவராகத் தோன்றியவரே நம்பிக்கை பெற்று இதைச் செய்தார்.

சேர்த்த பிறகு உடைந்தது தெரிந்தால் திரும்பப் பெறுவதே (ரிவர்ட்) கர்னலின் வழக்கம். பயனரின் நிரல் நேற்று ஓடி இன்று ஓடவில்லை என்றால், காரணம் எவ்வளவு நியாயமானாலும் கமிட் வெளியே போகும். ரிவர்ட்டின் செய்தியிலும் ஹாஷ், என்ன உடைந்தது, யார் தெரிவித்தார் என்ற விவரம் வேண்டும். வெறும் ‘ரிவர்ட்’ என்ற தலைப்பு மட்டும் இருந்தால், அதே யோசனையோடு அடுத்த ஆண்டு வருபவருக்குத் தடயம் இருக்காது. தனிக் கமிட்டைத் திரும்பப் பெறுவது எளிது. ஒரு மெர்ஜையே ரிவர்ட் செய்தால்தான் சிக்கல். அதன் உள்ளடக்கம் நீங்கும். ஆனால் அந்தக் கிளை ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்ற வம்சாவளி கிட்டின் வரலாற்றில் அப்படியே இருக்கும். கிளையைத் திருத்தி மறுபடி மெர்ஜ் செய்தால் திருத்தக் கமிட் மட்டும் உள்ளே வரும். அது திருத்தவேண்டிய அசல் மாற்றங்கள் வராது. பிழைச் செய்தியும் வராது. அப்போது முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்துவிட்டு, அதன் மேல் திருத்தப்பட்ட கிளையை மெர்ஜ் செய்ய வேண்டும். அல்லது கிளையை ரீபேஸ் செய்து, புதிய ஹாஷ்களோடு புதிய தொடராக முதலிலிருந்து ரிவ்யூவுக்கு அனுப்ப வேண்டும்.